ஸ்கை தீவில் கட்டாமல் போன நாரோ கேஜ்: மாடலுக்கு எந்தப் பாதை, எந்த கேஜ்?

குறும்பாதை:

1898-ல் ஹெப்ரிடியன் லைட் ரயில்வே கம்பெனி என்று ஒன்று, ஸ்காட்லாந்தின் ஸ்கை, லூயிஸ் தீவுகளுக்கு ரயில் போடத் திட்டம் கொடுத்தது. ஸ்கையில் ஐல்ஆர்ன்சே துறையிலிருந்து போர்ட்ரீ வழியாக ஊயிக் வரை ஒரு பாதை, டன்வேகனுக்கு ஒரு கிளை. லூயிஸில் ஸ்டோர்னோவேயிலிருந்து மேற்குக் கரையில் உள்ள கார்லோவேக்கும் பிரெஸ்க்ளெட்டுக்கும். ஒரு ஸ்லீப்பர் கூடப் பதியாமலே திட்டம் முடிந்துபோனது.

அது கட்டப்பட்டிருந்தால் 1920-களில் எப்படி இருந்திருக்கும் என்று 1:76 அளவில் மாடல் செய்ய வேண்டும். இடம் 3.6 மீட்டர் நீளம், 60 செ.மீ. அகலம் உள்ள ஒரு அலமாரித் தட்டு. அழகுக்காகக் கண்டதையும் வைக்காமல், இன்ஜினியர் பார்த்தாலும் ஒத்துக்கொள்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பதுதான் நோக்கம். கேள்விகள்:

எந்த கேஜ் (இரண்டு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள அகலம்) நம்பும்படி இருக்கும்? 2 அடியா, 2 அடி 3 அங்குலமா, 3 அடியா?

ஏற்றமும் வளைவும் எந்த அளவு வரை போகலாம்? பழைய மேப்பில் பாதையை எப்படிக் குறிப்பது?

பக்கத்து அயர்லாந்தில், டோனிகால் மாதிரி ஏழ்மையான பகுதியில்கூட 3 அடிப் பாதைகள் நூறு மைலுக்கு மேல் ஓடியிருக்கின்றன. ஸ்கைக்கு மட்டும் ஏன் வரவில்லை? இது தெரிந்தால்தான் எந்தச் சரக்கை ஏற்றுவது என்று முடிவு செய்ய முடியும்.

---

கணக்குப்பிள்ளை:

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மற்றதெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது.

அயர்லாந்தில் பாதை வந்ததற்குக் காரணம் 1883-ன் டிராம்வே சட்டம். ரயில் நஷ்டத்தில் ஓடினாலும் பங்குதாரருக்கு வட்டி கிடைக்கும் என்று உள்ளூர் வட்டாரம் உத்தரவாதம் கொடுத்தது. வரி கட்டுகிறவன் தலையில் சுமை, அதில் ஒரு பகுதியை அரசுக் கருவூலம் திருப்பிக் கொடுக்கும். முதலீடு செய்கிறவனுக்குக் கவலையே இல்லை. ஸ்காட்லாந்தில் அப்படி ஒரு பொதுச் சட்டம் கிடையாது. உதவி வேண்டுமென்றால் ஒவ்வொரு பாதைக்கும் தனித்தனியாகப் பார்லிமென்டில் மல்லுக்கட்ட வேண்டும். ஸ்கைக்கு எதிரே பெருநிலக் கரையில் உள்ள மாலெய்க் வரை ரயிலை நீட்ட அப்படித்தான் 1896-ல் 2,60,000 பவுண்டுக்கு 3 சதவீத உத்தரவாதமும், மாலெய்க் துறைமுகத்துக்கு 30,000 பவுண்டும் வாங்கினார்கள். அதற்கே பெரிய ரகளை நடந்தது.

அதே 1896-ல் வந்த லைட் ரயில்வே (குறைந்த செலவில் கட்டி, மெதுவாக ஓட்டும் ரயில்) சட்டம் எல்லாருக்கும் வழி திறந்துவிட்ட மாதிரி தோன்றும். அதன் 5-வது பிரிவைப் படித்தால் ஸ்கை ஏன் தோற்றது என்று தெரிந்துவிடும். மீன்பிடித் துறையையோ விவசாயத்தையோ வளர்க்கும் பாதைக்கு அரசு சிறப்பு நிதி தரலாம்; ஆனால் ஏற்கனவே இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு ரயில் கம்பெனி அதைக் கட்டி ஓட்ட முன்வர வேண்டும். விக் முதல் லிப்ஸ்டர் வரையிலான பாதை 1903-ல் திறந்தது இந்த வழியில்தான், ஓட்டியது ஹைலண்ட் ரயில்வே. ஸ்கைத் தீவில் எந்தக் கம்பெனி இருந்தது? யாரும் இல்லை. ஹைலண்ட் ரயில்வே 1897-ல் ஸ்கைக்கு எதிர்க்கரையில் உள்ள கைல் ஆஃப் லோஹால்ஷ் வரை வந்து நின்றுகொண்டது. தீவுக்குள் போய்க் கையைச் சுட்டுக்கொள்ள அவர்களுக்கு அவசியம் இல்லை. அங்கிருந்து கப்பல் போகிறதே.

இன்னொன்று, இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள். கேஜ் மாறினால் சரக்கை இறக்கி ஏற்ற வேண்டும், அதனால்தான் நாரோ கேஜ் தோற்றது என்பார்கள். அது பெருநிலத்துக்குச் சரி. பெருநிலத்தின் மேற்குக் கரையில் உல்லாபூல், லோஹின்வர் திட்டங்கள் ஸ்டாண்டர்ட் கேஜில் (4 அடி 8½ அங்குலம்) வரையப்பட்டதற்குக் காரணம், மீன் வேகன் இறக்காமல் நேராக லண்டன் போக வேண்டும் என்பது. (கார்வ்–உல்லாபூல் பாதைக்கு 1890-ல் சட்டமே நிறைவேறி, 1893-ல் கைவிட்டார்கள்.) தீவில் அந்தப் பிரச்சினையே கிடையாது. எந்த கேஜாக இருந்தாலும் துறையில் ஒரு தடவை கப்பலுக்கு மாற்றித்தான் ஆக வேண்டும். ஆகவே தீவில் நாரோ கேஜ் போடுவதால் கூடுதல் செலவு எதுவும் இல்லை.

அப்படியானால் தோற்றது எங்கே? ஊயிக்கில் மீனைப் பிடித்தவன் அதை ரயிலில் ஏற்றி 50 மைல் ஐல்ஆர்ன்சே கொண்டுபோய், அங்கே இறக்கி, கப்பலில் ஏற்றி, மாலெய்க்கில் மறுபடி இறக்கி, மறுபடி ஏற்ற வேண்டும். அதே படகு கடல் வழியாக நேராக மாலெய்க் போய்விடும். லைட் ரயில்வேயின் உச்ச வேகமே மணிக்கு 25 மைல். நிறுத்தங்களோடு சராசரி 12, 13 மைல் என்று வைத்தால் ஊயிக்கிலிருந்து நாலு மணி நேரம். கப்பலோடு போட்டி போட முடியாது.

கட்டப்பட்டவற்றைப் பாருங்கள், எல்லாவற்றுக்கும் கையில் ஒரு கட்டாயச் சரக்கு இருந்தது. கேம்பல்டவுன்–மாக்ரிஹானிஷ் பாதைக்கு நிலக்கரி. அது 1877-ல் சுரங்க டிராம்வேயாகத் தொடங்கி, 1906 ஆகஸ்டில் பயணிகள் ரயிலாக மாறியது. கிளைடு ஆற்றிலிருந்து டர்பைன் கப்பல்களில் வந்த ஒருநாள் சுற்றுலாக் கூட்டம்தான் அந்த மாற்றத்துக்குக் காரணம். ஸ்கையிலேயே பிராட்ஃபோர்டில் 3 அடி கேஜில் ஒரு பளிங்குக்கல் ரயில் இருந்தது, 1912 வாக்கில் மூடினார்கள். ராசே தீவில் இரும்புத்தாது. லோஹாபரில் அலுமினிய ஆலைக்குத் தண்ணீர் கொண்டுவரும் 15 மைல் சுரங்கம் தோண்ட 1925-ல் போட்ட 3 அடிப் பாதை, பராமரிப்புக்காக 1977 வரை ஓடியது.

ஆகவே மாடலுக்கும் முதலில் சரக்கு, பிறகுதான் பாதை. சரக்கு இல்லாமல் வரைந்தால் பொம்மை ரயில்தான்.

---

கான்டூர் கண்ணன்:

மேலே சொன்னது அத்தனையும் சரி. மேப் வேலைக்கு வருகிறேன்.

ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையதளத்தில் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே மேப்கள் இலவசம். ஒரு மைலுக்கு 6 அங்குலம் உள்ள தாளை எடுங்கள், அளவு 1:10,560. அதில் ஒரு செயின் (66 அடி) என்பது 1.9 மி.மீ. தாளை இன்றைய செயற்கைக்கோள் படத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வசதியும் அங்கேயே இருக்கிறது.

பாதை குறிக்கும் முறை கவராயத்தால்தான். இன்றைய 1:25,000 மேப்பில் 10 மீட்டருக்கு ஒரு கான்டூர் (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) என்று எடுத்துக்கொள்வோம். ஏற்றம் 40-க்கு 1 வேண்டுமானால், ஒரு கான்டூரிலிருந்து அடுத்ததுக்கு ஏற 400 மீட்டர் ஓட வேண்டும். மேப்பில் அது 16 மி.மீ. கவராயத்தை 16 மி.மீ. விரித்து ஒரு கான்டூரில் ஊன்றி, அடுத்த கான்டூரை எங்கே தொடுகிறதோ அங்கே புள்ளி. இப்படியே நடந்துபோங்கள். கவராயம் அடுத்த கான்டூரைத் தொடவே இல்லை என்றால் அங்கே நிலம் உங்கள் ஏற்றத்தைவிடச் சாய்வு குறைவு, நேராகப் போகலாம். இரண்டு கான்டூரைத் தாண்டிவிட்டால் செங்குத்து. சரிவை ஒட்டிப் பக்கவாட்டில் சுற்ற வேண்டும், அல்லது கட்டிங் தோண்ட வேண்டும். முதல் தடவை பென்சில் கோடு கோணல்மாணலாக வரும். அதன் மேல் 60 மீட்டர் ஆரம் உள்ள வட்டத் துண்டுகளை (இந்த மேப்பில் 2.4 மி.மீ.) வைத்து மழுங்கச் செய்தால் நிஜப் பாதை கிடைக்கும்.

ஏற்றமும் வளைவும் ஒரே இடத்தில் வந்தால் கவனம். 2 அடி 6 அங்குல கேஜில் 60 மீட்டர் வளைவு ஒரு டன்னுக்குச் சுமார் 7 கிலோ இழுவையைக் கூட்டும். 40-க்கு 1 ஏற்றம் டன்னுக்கு 25 கிலோ. இரண்டும் சேர்ந்து 32 கிலோ, அதாவது லோகோவுக்கு அது 31-க்கு 1 ஏற்றம் போலத்தான் இருக்கும். அதனால் வளைவுள்ள இடங்களில் ஏற்றத்தை 55-க்கு 1 அளவுக்குத் தளர்த்துங்கள். பலர் மேப்பில் கோடு போடும்போது இதை மறந்துவிடுகிறார்கள்.

ஸ்கை வழியில் கையைக் கடிக்கும் இடங்கள் இரண்டு.

ஒன்று, லாக் ஐனார்ட்டுக்கும் ஸ்கான்சருக்கும் நடுவே. இன்றைய நெடுஞ்சாலை மேலே ஏறி மலையைத் தாண்டுகிறது. ரயில் அங்கே போகாது. கடலோரமாக மால் பக்கம் சுற்றும் பழைய சாலைதான் ரயிலுக்கு வழி. தூரம் கூடும், ஆனால் ஏற்றம் அநேகமாக இல்லை.

இரண்டாவது ஊயிக். விரிகுடாவைச் சுற்றிச் சரிவு கிண்ணம் போலச் சூழ்ந்திருக்கிறது, கப்பல் துறை வடக்குப் பக்கம். தெற்கிலிருந்து வரும் பாதை 100 மீட்டர் உயரத்தில் இருந்தால், துறை மட்டத்துக்கு 95 மீட்டர் இறங்க 40-க்கு 1 ஏற்றத்தில் 3.8 கி.மீ. வேண்டும். ஆகவே ஊயிக் கண்ணில் படுவதற்கு முன்பே இறங்கத் தொடங்கி, விரிகுடாவின் உள்மூலை வரை சரிவை ஒட்டிப் போய், கோனன், ரா என்ற இரண்டு ஆறுகளையும் பாலம் போட்டுத் தாண்டி, திரும்பித் துறைக்கு வர வேண்டும். நிலையத்தை மேட்டிலேயே நிறுத்திவிட்டுத் துறைக்குக் கயிற்றுச் சரிவு போடலாம் என்று சிலருக்குத் தோன்றும். ராசேயில் சுரங்கத்துக்கும் துறைக்கும் நடுவே அப்படித்தான் இருந்தது. தாதுவுக்குச் சரி. பயணிகளும் ஆடுமாடும் வரும் பாதைக்கு அது ஒத்துவராது.

கட்டப்படாத மற்ற பாதைகளைத் தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அரசிடம் தாக்கல் செய்த திட்ட மேப்களில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் புள்ளிக்கோடு இருக்கும். அது விலகல் எல்லை. 1845 சட்டப்படி நாட்டுப்புறத்தில் பக்கவாட்டில் 100 கஜம், உயரத்தில் 5 அடி வரை இன்ஜினியர் மாற்றிக்கொள்ளலாம். அதனால் நடுக்கோட்டை வேதவாக்காக எடுக்க வேண்டாம். கட்டும்போது அந்த எல்லைக்குள் நகர்ந்திருக்கும். உங்கள் மாடலிலும் நகர்த்தலாம்.

---

குறும்பாதை:

பிரமாதம், நன்றி. ஆனால் கணக்குப்பிள்ளை சார் சொன்ன கணக்கில் ஸ்கைக்கு நியாயமான சரக்கே இல்லையே? ஸ்டாஃபின் பக்கம் லாக் கூயிரில் டயட்டமைட் மண் எடுத்துக் கடற்கரைக்கு ஒரு டிராம் பாதை இருந்ததே, அதைப் போர்ட்ரீயோடு இணைத்தால்?

---

கணக்குப்பிள்ளை:

வேண்டாம். டயட்டமைட் இன்வர்டோட் கரையில் உலர்ந்து அங்கேயே கப்பல் ஏறிவிடும். போர்ட்ரீக்கு வர அதற்கு ஒரு காரணமும் இல்லை. மேலே சொன்ன அதே கதை: தீவில் சரக்கு எங்கே இருந்தாலும் கடல் பக்கத்திலேயே இருக்கிறது.

விதிவிலக்கு ஒன்றே ஒன்று: கடல்வழி மிக நீளமாகவும் நிலவழி மிகக் குட்டையாகவும் இருக்கும் இடம். லூயிஸ் அப்படிப்பட்டது. கார்லோவேயில் பிடித்த மீன் கடல் வழியாக ஸ்டோர்னோவே போக வேண்டுமானால் தீவின் வடமுனையைச் சுற்ற வேண்டும், அட்லாண்டிக் நீரில். தரை வழியாகக் குறுக்கே போனால் இருபது மைலுக்குள். ஸ்டோர்னோவேயில்தான் மீன் சந்தை, கப்பல் எல்லாம்.

என் ஓட்டு லூயிஸுக்கு. இதில் ஒரு வசதியும் இருக்கிறது. ரயில் வராத இடத்தில் பிறகு பென்ட்லண்ட் ரோடு என்று ஒரு சாலை போட்டார்கள். ஸ்டோர்னோவேயிலிருந்து மரமில்லாத ஈரமான மூர் நிலத்தின் குறுக்கே போய், அதே போலக் கார்லோவேக்கும் பிரெஸ்க்ளெட்டுக்கும் பிரிகிறது. வழியில் ஊரே கிடையாது. ஏற்றமும் மிதம். இன்ஜினியர் வரைந்த பாதை தயாராக இருக்கிறது. இணையத்தில் சாலைக் காட்சியாகவே முழுவதும் ஓட்டிப் பார்க்கலாம்.

(சாலைக்குப் பெயர் கொடுத்த பென்ட்லண்ட் பிரபு அப்போது ஸ்காட்லாந்துக்கான அமைச்சர். 1912-ல் அங்கிருந்து நேராக நம்ம மதராஸுக்கு கவர்னராக வந்து 1919 வரை இருந்தவர் இவரேதான்.)

---

ஸ்லீப்பர்கட்டை:

கேஜ் பற்றி யாரும் சொல்லவில்லையே. 1:76 மாடலில் ஒரு அடி 4 மி.மீ. வழக்கமாகக் கடையில் கிடைக்கும் 9 மி.மீ. தண்டவாளம் என்பது 2 அடி 3 அங்குலத்துக்கு நூலளவும் பிசகாமல் பொருந்தும். கேம்பல்டவுன்–மாக்ரிஹானிஷ் அதே கேஜ்தான். 3 அடி வேண்டுமானால் 12 மி.மீ. தண்டவாளம் தேட வேண்டும், பாயிண்ட்ஸ் (பாதை பிரியும் இணைப்புகள்) எல்லாம் கையால் செய்ய வேண்டும். 2 அடி என்றால் 8 மி.மீ., 9-ல் ஓட்டினால் கொஞ்சம் அகலமாகத் தெரியும், யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். நீங்கள் சொன்ன "இன்ஜினியர் பார்த்தாலும்" என்ற நிபந்தனைக்கு 2 அடி 3 அங்குலம்தான் நேர்மையான தேர்வு. ஸ்காட்லாந்து முன்னுதாரணமும் இருக்கிறது, லோகோவும் இருக்கிறது: கில்மார்னக்கில் ஆண்ட்ரூ பார்க்லே செய்த ஆர்கைல், அட்லாண்டிக் என்ற இரண்டு 0-6-2 டாங்க் இன்ஜின்கள் (ஆறு ஓட்டுசக்கரம், பின்னால் இரண்டு சிறு சக்கரம், தண்ணீர்த் தொட்டி இன்ஜினிலேயே).

வளைவில்தான் பெரும்பாலான மாடல்கள் பொய் சொல்கின்றன. பெட்டியில் வரும் 9 அங்குல ஆர வளைவு நிஜத்தில் 17 மீட்டர். கல்குவாரி டிராலிக்குத்தான் அது பொருந்தும். 3 செயின் (60 மீட்டர்) வளைவு மாடலில் 79 செ.மீ. ஆரம். உங்கள் 60 செ.மீ. தட்டில் அரைவட்டம் வராது, ஆனால் கண்ணுக்குத் தெரியும் பகுதியில் மெல்லிய வில்லாகப் போடலாம். இறுக்கமான திருப்பத்தைப் பின்பக்கம் மேட்டுக்கு அடியில் ஒளித்துவிடுங்கள்.

3.6 மீட்டர் என்பது நிஜத்தில் 274 மீட்டர்தான். ஒரு மைல் காட்டவே 21 மீட்டர் தட்டு வேண்டும். ஆகவே முழுப் பாதையையும் அடைக்க நினைக்காமல், கார்லோவே முனையம் ஒன்றை மட்டும் எடுங்கள்.

இனி லூயிஸ் என்றால் அடுத்த தலைவலி பீட் மண் (செடிகள் மக்கிச் சேர்ந்த, தண்ணீர் ஊறிய சதுப்பு மண்). அதன் மேல் பாதை போடுவது பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் மாடலில் தெரியும் விஷயம் அது.

முதலில் வடிகால். பாதைக் கோட்டுக்கு இருபுறமும் வாய்க்கால் வெட்டி, ஒரு குளிர்காலமாவது விட்டுவிட வேண்டும். மண் தண்ணீர் வடிந்து தானே அமுங்கும். அவசரப்பட்டு உடனே மண்கரை போட்டால், போட்ட சுமையை பீட் விழுங்கிக்கொண்டே இருக்கும். வாய்க்காலைப் பாதையின் ஓரத்திலேயே வெட்டுவதும் தவறு. பக்கச் சுவர் சரிந்து ஸ்லீப்பர் முனைகள் தொங்கிவிடும். இரண்டு மூன்று மீட்டர் தள்ளி வெட்ட வேண்டும்.

பிறகு படுக்கை. ஹெதர் என்ற குறும்புதர், சுள்ளிக்கட்டுகளைக் குறுக்காக ஓர் அடுக்கு, அதற்கு மேல் நெடுக்காக ஓர் அடுக்கு, மேலே புல்கட்டிகளைத் தலைகீழாக. 1894-ல் திறந்த வெஸ்ட் ஹைலண்ட் பாதையை ரானக் மூரில் இப்படித்தான் மிதக்கவிட்டார்கள். சுள்ளியும் புல்கட்டியும் போட்டு, சாம்பலையும் மண்ணையும் ஆயிரக்கணக்கான டன் கொட்டினார்கள். சுமை பரவ வேண்டும் என்பதுதான் விஷயம். அதனால் மிதவைப் பகுதியில் ஸ்லீப்பரை நீளமாக, நெருக்கமாக வைப்பார்கள்: கட்டியான தரையில் 2 அடி 6 அங்குல இடைவெளி என்றால் (மைலுக்கு 2,112 ஸ்லீப்பர்) இங்கே 2 அடி. மாடலில் 10 மி.மீ. இடைவெளியை 8 ஆகக் குறைத்தால் போதும், தெரிந்தவன் கண்ணுக்குப் பளிச்சென்று படும்.

நன்றாகப் போட்ட மிதவைப் பாதையிலும் லோகோவுக்கு முன்னால் தண்டவாளம் லேசாக அலை போல எழும்பித் தாழும். ஜாயின்ட்களில் ஃபிஷ்ப்ளேட் (தண்டவாளங்களை இணைக்கும் தகடு) போல்ட் தளரும், விரிசல் விடும். அதனால் லைன்மேன் நடை அதிகம். ஜல்லிக்குக் கடற்கரை உருண்டைக் கல்லைக் கொட்டுவது மலிவு, ஆனால் உருண்டைக் கல் ஒன்றோடொன்று பிடிக்காது, வளைவில் பாதை வெளிப்பக்கம் நகர்ந்துவிடும். உடைத்த கல்தான் வளைவுக்கு. மாடலில் நேர்பாதையில் சாம்பல் நிறப் பொடிச்சரளை, வளைவில் கூரான சில்லுகள் என்று வித்தியாசம் காட்டலாம்.

எடைக்கணக்கு: கஜத்துக்கு 45 பவுண்டு தண்டவாளம் போட்டால் மைலுக்குச் சுமார் 71 டன் எஃகு. ஸ்டாண்டர்ட் கேஜுக்கு 75 பவுண்டு போட்டால் 118 டன். நாரோ கேஜில் மிச்சம் பிடிப்பது இங்கேதான், கேஜின் அகலத்தில் இல்லை.

---

லோகோ ஷெட்:

இழுவைக் கணக்கு ஒன்று போட்டுவிடுகிறேன், ரயில் எவ்வளவு நீளம் என்று தெரியும். மொத்தம் 22 டன், அதில் ஓட்டுசக்கரங்களின் மேல் 16 டன் உள்ள ஒரு 0-6-2 டாங்க் என்று வைப்போம். லூயிஸ் மழையில் தண்டவாளம் எப்போதும் ஈரம், ஒட்டுதல் ஆறில் ஒரு பங்குக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அப்படியானால் இழுவை சுமார் 2,670 கிலோ. 40-க்கு 1 ஏற்றத்தில் டன்னுக்கு 25 கிலோ, உருளும் தடைக்கு 6 கிலோ, ஆக 31. மொத்தம் 86 டன், லோகோவைக் கழித்தால் 64 டன் ரயில். ஏற்றத்தை 30-க்கு 1 ஆக்கினால் ரயில் 46 டன்னாகச் சுருங்கும். 25-க்கு 1 என்றால் 36. ஏற்றம் கூடக் கூட ரயில் இப்படிச் சுருங்குவதால்தான் இன்ஜினியர்கள் மண்வேலையில் காசைக் கொட்டினார்கள். கேம்பல்டவுனில் 35-க்கு 1 இருந்தது; தூரம் ஆறு மைல்தான் என்பதால் சமாளித்தார்கள்.

ஹெர்ரிங் (மத்தி இன மீன்) எண்ணெய் வடியும் பாதையில் இந்த ஆறில் ஒரு பங்கும் கிடைக்காது. மணல் பெட்டி இரண்டு பக்கமும், முன்னும் பின்னும் வேண்டும். முனையத்தில் லோகோவைத் திருப்ப மேடை தேவையில்லை, டாங்க் இன்ஜின் பின்னோக்கியே ஓடும்.

பீட் தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். சுண்ணாம்பு இல்லாததால் பாய்லரில் உப்புப் படியாது, அது நல்லது. ஆனால் நுரைக்கும், தண்ணீர் நீராவியோடு சிலிண்டருக்குள் ஏறிவிடும். அமிலம் குழாய்களை அரிக்கும். ஓடைத் தண்ணீர் கலங்கலாக வரும் மழைக்காலத்தில் பாய்லரை அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும். தொட்டிக்குள் தண்ணீர் விழும் இடத்தில் ஒரு வடிகட்டிக் கூடை, தொட்டிக்கு அடியில் சேறு திறக்கும் வால்வு. சின்னச் சமாச்சாரம், ஆனால் மாடலில் தண்ணீர்த் தொட்டியைத் தேநீர் நிறத்துக்கு அடித்தால் ஊர் தெரிந்த ஆள் கண்டுபிடிப்பார்.

காற்று. இதை விட்டுவிடக் கூடாது. 1925 ஜனவரி 30 இரவு டோனிகாலில் ஓவன்காரோ பாலத்தில் 3 அடிப் பாதை ரயிலின் பெட்டிகளைப் புயல் தூக்கிவிட்டது, நாலு பேர் இறந்தார்கள். லூயிஸ் அதைவிடத் திறந்த வெளி. உயரமான, எடை குறைந்த பெட்டி இங்கே ஆபத்து. கூரையைத் தாழ்த்தி, தரைக்கு அடியில் இரும்புப் பாளம் வைத்த பெட்டிதான் நம்பும்படி இருக்கும். கேம்பல்டவுன் போல நீளமான போகி கோச் ஒன்று, அதோடு பிரேக் வேன் ஒன்று. ஊரே இல்லாத பாதைக்கு அதற்கு மேல் பயணி கிடையாது. சிக்னலும் வேண்டாம்: ஒரே லோகோ, ஒரே கோல், அந்தக் கோல் கையில் இருக்கிற டிரைவர்தான் பாதைக்குள் போகலாம்.

---

வேட்டைமாளிகை:

நடுவில் ஒரு மாற்று யோசனை. முனையம், துறை, மீன் என்று இவ்வளவு வேலை அதிகம் என்று தோன்றினால், எஸ்டேட் ரயில் ஒன்று செய்யலாம். பெர்த்ஷயரில் கிளென்ஷீக்கு அருகே டல்மங்கி: 1920-ல் சர் ஆர்ச்சிபால்ட் பர்க்மைர் போட்டது, 2 அடி 6 அங்குல கேஜ் (இலங்கையின் களனிப் பள்ளத்தாக்குப் பாதை இருந்த அதே கேஜ்), இரண்டரை மைல், மேலே கிளென்லாக்சி வேட்டை விடுதி வரை. சிம்ப்ளெக்ஸ் பெட்ரோல் லோகோ. 1978 வரை ஓடியது. வேட்டைக்காரர்கள் மேலே போவார்கள், சுட்ட மான் கீழே வரும். சரிவில் முன்னும் பின்னுமாகத் திரும்பி ஏறும் ஜிக்ஜாக் பாதை. ரென்ஃபுரூஷயரில் டுஹால் மூரிலும் 1922-ல் க்ரவுஸ் என்ற காட்டுப் பறவை வேட்டைக்கு 2 அடிப் பாதை போட்டார்கள்.

ஜிக்ஜாக் உங்கள் 60 செ.மீ. அகலத்துக்கு வரப்பிரசாதம், வளைவே தேவையில்லை. கவனிக்க வேண்டியது வால் நீளம்: லோகோவும் இரண்டு வேகனும் சேர்ந்து 20 செ.மீ. என்றால் திருப்பு முனைக்கு அப்பால் குறைந்தது 24 செ.மீ. நேர்பாதை. வால் லேசாக மேல்நோக்கி இருந்தால் ரயில் தானாக நிற்கும், வேகன் தப்பி ஓடாது. 3.6 மீட்டரில் 40-க்கு 1 ஏற்றம் வெறும் 9 செ.மீ.தான் தரும், ஜிக்ஜாக் மூன்று கால் போட்டால் 25 செ.மீ. ஏறலாம்.

---

குறும்பாதை:

எஸ்டேட் ரயில் அடுத்த தட்டுக்கு. இப்போதைக்குக் கார்லோவே முனையம், 2 அடி 3 அங்குலம், ஒரு துறை, லோகோ ரயிலின் மறுமுனைக்கு வர ஒரு லூப், இரண்டு சைடிங் என்று முடிவு. வேகன்களில் ஹெர்ரிங் பீப்பாய் அடுக்கலாம்தானே?

---

கணக்குப்பிள்ளை:

அங்கே ஒரு பொறி இருக்கிறது. உப்பிட்டு மூடிய பீப்பாய் கெடாது. அது அவசரமாக ரயில் ஏற வேண்டியதில்லை, கார்லோவேயிலேயே கப்பல் வரும்வரை காத்திருக்கும். ரயிலுக்கு வேலை கொடுப்பது பச்சை மீன் மட்டும்தான். ஆகவே ஸ்டோர்னோவே நோக்கிப் போகும் வேகனில் கால்-க்ரான் கூடைகளிலும் பெட்டிகளிலும் உப்பு தூவிய பச்சை ஹெர்ரிங். க்ரான் என்பது ஹெர்ரிங் அளக்கும் அளவு, 37½ காலன். பலகைகளுக்கு நடுவே இடைவெளி விட்ட வேகன், தண்ணீர் வடிய வேண்டும். கார்லோவே நோக்கி வரும் வேகனில் உப்பு, நிலக்கரி, மாவு மூட்டை.

காலிப் பீப்பாய் வேண்டுமானால் கார்லோவே பக்கம் வரும் ரயிலில் ஏற்றுங்கள், அங்கே ஒரு சின்ன உப்பிடும் முற்றம் இருப்பதாக வைத்து. பீப்பாயின் கொள்ளளவு 26⅔ காலன், உயரம் சுமார் 30 அங்குலம்: மாடலில் 10 மி.மீ. உயரம், 7 மி.மீ. விட்டம். 10 அடிக்கு 5 அடி தளமுள்ள வேகனில் நேர் வரிசைகளாக நிற்க வைத்தால் ஓர் அடுக்குக்குப் பத்துதான் கொள்ளும். காலி என்பதால் எடை பிரச்சினை இல்லை, இரண்டு அடுக்கு வைத்துக் கயிற்றால் கட்டலாம். ஆனால் லோகோ ஷெட் சொன்ன காற்றை நினைவில் வைத்து, மேல் அடுக்கைப் படுக்கப் போட்டு, வலை மூடிவிடுங்கள்.

---

ஸ்லீப்பர்கட்டை:

துறைமேல் போகும் தண்டவாளத்துக்கு ஸ்லீப்பர் வேண்டாம், நேராக மரத்தளத்தில் ஆணி அடித்திருப்பார்கள். உப்புக்காற்றில் அந்த ஆணித்தலைகள்தான் முதலில் துருப்பிடிக்கும். அங்கே மட்டும் செம்பழுப்பு, மற்ற இடத்தில் கரும்பழுப்பு. இரண்டுக்கும் ஒரே பெயின்ட் அடித்துவிடாதீர்கள்.